பதினெட்டாயிரம் ரூபாய்க் கதவு

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய வீட்டை இடித்தால் அதன் கைகால்கள் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பர்மாத் தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், பல்லாங்குழி, கோட்டுப் போட்டு நிற்கும் யாரோ ஒரு ஐயாவின் போட்டோ என்று எல்லாம் கிடக்கும். போன மாதம் அங்கே ஒரு வேலையாகப் போனேன். ஆத்தங்குடியில் ஒரு கல் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். தரைக்குப் போடும் பூக்கல்லுக்குப் பழைய அச்சு ஏதாவது கண்ணில் பட்டால் பார்த்து வரச் சொல்லியிருந்தார் முதலாளி.

அச்சு கிடைக்கவில்லை. கடையின் பின்பக்கம் சுவரில் ஐந்தாறு கதவுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூன்றாவது கதவுக்கு நேரே வந்தபோது உள்ளங்கை வேர்த்தது. ஏன் என்று எனக்கே புரிய ஒரு நிமிஷம் ஆனது.

ஒற்றைக் கதவு. வேலைப்பாடு எதுவும் இல்லை. முகப்புக் கதவுக்குத்தான் எங்கள் ஊரில் கஜலட்சுமியும் கிளியும் செதுக்குவார்கள், சாமான் அறைக் கதவுக்கு யார் செதுக்கப் போகிறார்கள். உள்பக்கம் தெரியும்படி சாய்த்திருந்தான். கீழ்ப்பாதியில், என் இடுப்பு உயரத்துக்குக் கீழே, குறுக்கும் நெடுக்குமில்லாமல் வரிசையாக நெட்டுக் கோடுகள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. நாற்பத்து மூன்று.

கடைக்காரத் தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

“பாத்து வச்சிட்டீங்களாண்ணே? பதினெட்டாயிரம். உங்களுக்குன்னா பதினாறுக்குத் தரலாம். கீறலைப் பத்திக் கவலைப்படாதீங்க. உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சு பாலிஷ் அடிச்சா ஒண்ணும் தெரியாது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து, எதிர்க் கடையில் ஒரு சோடா குடித்தேன். அப்புறம் திரும்பிப் போய் அதை மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கோடுகளைப் போட்டவன் நான். ஒரு பித்தளைக் கரண்டியின் காம்பால்.

இதுவரை இதை எழுதியதில்லை. எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

1975-ல் பிறந்தேன். மூன்று ஆண் பிள்ளைகளில் நடுவுள்ளவன். அப்பச்சி என்றால் எங்கள் பக்கம் அப்பா. அவருடைய வாங்கி விற்கிற தொழில் நொடித்துப்போய், வீடு மட்டும் பெரிதாகவும் அடுப்படி சின்னதாகவும் இருந்த காலம். 1983 ஆவணியில், எட்டு வயதில், என்னைப் பிள்ளை விட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தாரில் ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு, அதே கோயில் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைப் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். மஞ்சள் நீர் குடித்து உறவாக்கிக்கொள்வது வழக்கம். சொத்தும் அவனுக்கு, கொள்ளி வைப்பதும் அவன். அப்படி வந்து தங்கமாக வளர்ந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதனால் எங்கள் வழக்கத்தின் மேல் இதை ஒரு புகாராகப் படிக்க வேண்டாம். எனக்கு வாய்த்த வீடு அப்படி.

பெயரை மாற்றினார்கள். அந்த வீட்டு ஐயா, அதாவது தாத்தா, பெயர் எனக்கு வந்தது. பெற்ற ஆத்தாளை இனிமேல் சின்னாத்தா என்று கூப்பிட வேண்டும் என்றார்கள். முதல் நாள் ராத்திரி பட்டாலையில் படுத்துக்கொண்டு பழைய சொல்லையே சொல்லி அழுதேன். அதற்காக அறையில் அடைத்தபோதுதான் முதல் கோடு.

புது அப்பச்சிக்கு அப்போது அறுபது தாண்டிவிட்டது. ரங்கூன் மொகல் தெருவில் கடை இருந்த வீடு. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது இருபது வயதுப் பையனாகக் காட்டு வழியே நடந்து வந்தவர். உடன் கிளம்பிய அண்ணன் வந்து சேரவில்லை. போர் முடிந்து மறுபடி போய்க் கடையை நிமிர்த்தினார். 1964-ல் பர்மாவில் எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கியபோது கைப்பையோடு திரும்பினார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அந்த வயதில் தெரிந்ததெல்லாம், விளக்கு வைத்ததும் அவர் கணக்கு கேட்பார் என்பதுதான். நடப்பு வட்டி, மாச வட்டி, கீழ்வாய் இலக்கம் என்கிற பின்னக் கணக்கு. அரைக்காலும் (1/8) மாகாணியும் (1/16) எவ்வளவு என்றால் மும்மாகாணி (3/16) என்று உடனே வர வேண்டும். தயங்கினால் இரண்டாங்கட்டுச் சாமான் அறை.

அடித்ததும் உண்டு. அடி எனக்கு அவ்வளவாக நினைவில்லை. அறை நினைவிருக்கிறது. சன்னல் கிடையாது. சீர் வந்த பித்தளைச் சாமான்கள் தரையிலிருந்து விட்டம் வரை அடுக்கியிருக்கும். புளி போட்டு விளக்கி வைத்த பித்தளைக்கு ஒரு வாடை உண்டு, நாக்கு நுனியில் காசு வைத்த மாதிரி. நிலைப்படி உயரம், அதனால் கதவுக்கு அடியிலும் வெளிச்சம் வராது. சாவித் துவாரம் மட்டும்தான். அந்தக் காலத்துப் பூட்டு, ஒரு விரல் நுழையும் ஓட்டை. முற்றத்து லாந்தர் வெளிச்சம் அதன் வழியே வந்து ஒரு எனாமல் தூக்கின் வயிற்றில் பொட்டு மாதிரி விழும். யாராவது முற்றத்தில் நடந்தால் பொட்டு அணைந்து திரும்ப எரியும். அணைந்தால் யாரோ வருகிறார்கள் என்று அர்த்தம். பெரும்பாலும் வரமாட்டார்கள்.

புது ஆத்தா கெட்டவர் இல்லை. பயந்தவர். சாவித் துவாரத்தில் வாயை வைத்து, “அழுகாதே அப்பு, சத்தம் கேட்டா இன்னும் நேரமாகும்” என்பார். ஒரு தடவை அதே ஓட்டையில் கற்கண்டைத் தள்ளிவிட முயன்றார். பாதியில் சிக்கிக்கொண்டது. வெளிச்சமும் போய்விட்டது. இதை இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது.

பதின்மூன்று வயதில் ஆஸ்டலுக்கு அனுப்பினார்கள். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

1994 கோடை விடுமுறையில் எனக்குத் தூக்கம் போனது. போனது என்றால் தவித்தேன் என்று நினைக்காதீர்கள். தேவைப்படவில்லை. மூன்று ராத்திரி தூங்காமல் நாலாம் நாள் காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, இந்த ஊரில் பூட்டிக் கிடக்கிற அத்தனை வீட்டையும் திறக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று தெருவில் நின்று அறிவித்தேன். உத்தரவு போட்டது முகப்பில் மாட்டியிருந்த படங்களில் இருந்த ஐயாக்கள். குரல் தெளிவாகக் கேட்டது. எங்கள் வளவில் பங்காளிகளுக்கு ஆளுக்கொரு அறை உண்டு. சாவி கிடைத்த அறையைச் சாவியாலும் கிடைக்காததைக் கடப்பாரையாலும் திறந்து, பித்தளைச் சாமானை எல்லாம் வாரி வாரித் தெருவில் போகிறவர்களுக்குக் கொடுத்தேன். ஒரு அம்மா அண்டா ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்பச்சி அன்றைக்கு என்னைப் பார்த்துப் பயந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று நான் திறக்காத அறை ஒன்றுதான். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

கோடாங்கி வந்தார், முனி அடித்திருக்கிறது என்றார். அப்புறம் குணசீலம். திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் பெருமாள் கோயில். சித்தம் கலங்கியவர்களை அங்கே ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பார்கள். உச்சி வேளையிலும் அர்த்தசாமத்திலும் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். படித்தவர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்கமாட்டேன். அங்கே யாரும் என்னை அடிக்கவில்லை, நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குப் படுக்கை. கிளர்ச்சி அடங்கியது. ஆனால் அது கொஞ்ச நாளில் தானாகவும் அடங்கக்கூடியது, அடங்கினால் அடுத்து நேர் எதிர்ப் பக்கம் கொண்டுபோய்த் தள்ளக்கூடியது என்று அப்போது எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. எட்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பல் விளக்குவதற்கு எழுந்திருப்பது மலை ஏறுகிற மாதிரி இருந்தது. சாமி சரியாக்கி அனுப்பிய பிள்ளை சோம்பேறியாகிவிட்டான் என்றார்கள்.

1997-ல் அப்பச்சி இறந்தார். கொள்ளி வைத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறு வருஷம் விஷயத்தை மறைத்து எனக்குக் கல்யாணம் செய்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரே வருஷத்தில் தெரிந்துவிட்டது, போய்விட்டார். போனது நியாயம். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

2001-ல் வந்ததுதான் மோசமானது. ஆடி மாதம். சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று பத்து நாள் வெறும் இளநீர். கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பேன் என்று பயந்து என்னை முகப்புத் தூணில் கட்டி வைத்திருந்தார்கள். ஏர்வாடிக்குக் கொண்டுபோய்விடுவது என்று பங்காளிகள் பேசி, வேனுக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் அப்போது நிறைய. ஆகஸ்ட் 6 விடியற்காலை அப்படி ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில். 28 பேர் செத்துப்போனார்கள். மறுநாள் பேப்பரை என் கண்ணில் படாமல் மறைத்தார்களாம். மறைத்திருக்க வேண்டாம், அப்போது எனக்கு எழுத்து நகர்ந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் கோட்டையூரிலிருந்து பெற்ற ஆத்தா வந்து இறங்கினார். பதினெட்டு வருஷத்தில் அந்த வீட்டில் அவர் குரலை உயர்த்திப் பேசியது அன்றுதான். “நீங்க கூட்டுன பிள்ளைதான், இல்லைன்னு சொல்லலை. பெத்தவ நான். நான் கூட்டிக்கிட்டுப் போறேன்.” தம்பியும் அவருமாக மதுரைக்குப் பஸ் ஏற்றினார்கள். வழியில் குதித்துவிடாமல் இருக்க என் மணிக்கட்டைத் தன் முந்தானையால் தன் கையோடு முடிந்துகொண்டார். சங்கிலிக்குப் பதில் முந்தானை என்று இதை அழகாக எழுதலாம். நடந்தது, திருப்பத்தூர் வருவதற்குள் நான் அவர் கையைக் கடித்துவிட்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாய் கடித்தது என்று சொல்லிக்கொள்கிறார்.

(2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்திருக்கிறது. தாம்புக்கயிறும் அதில் அடங்கும் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.)

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் ஐந்து வாரம். ஊசி, தூக்கம், ஊசி, தூக்கம். கண் தெளிந்த பிறகு டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். இருதுருவ மனநோய். ஒரு துருவம் கடப்பாரை, ஒரு துருவம் சுவர். லித்தியம் என்று ஒரு மாத்திரை எழுதினார். ஆத்தா அது என்ன மருந்து என்று கேட்டதற்கு, “ஒரு வகை உப்புதாம்மா” என்றார். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் கண்டுபிடித்த பயன் அது, இன்றைக்கும் அதைத் தூக்கிச் சாப்பிட ஒன்று வரவில்லை என்றும் சொன்னார். உப்பு என்ற சொல் ஆத்தாளுக்குப் பிடித்துப்போனது. மாத்திரை என்றால் பயப்படுகிறவர், உப்பு என்றதும் சமாதானமாகிவிட்டார்.

இந்த உப்புக்குக் குணம் உண்டு. ரத்தத்தில் அதன் அளவு 0.6-க்கும் 1-க்கும் நடுவே நிற்க வேண்டும். குறைந்தால் வேலை செய்யாது, 1.5 தாண்டினால் விஷம். ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை போட்டால் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரையைப் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வேண்டும். சிறுநீரகத்துக்கும் தைராய்டுக்கும் தனியாகப் பரிசோதனை. சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றும்போது இந்த அளவு ஏறிவிடும். கை லேசாக நடுங்கும். டம்ளர் நிறையக் காப்பி கொடுத்தால் பாதி தரைக்கு. இருபத்து நாலு வருஷமாக முக்கால் டம்ளர்தான்.

2006 தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தேன். குன்றக்குடியில் காவடிகளோடு சேர்ந்து கிளம்புகிற எங்கள் பாதயாத்திரை. சிங்கம்புணரியில் முழங்கால் வீங்கியது. மெடிக்கலில் கேட்டதற்கு ஒரு வலி மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார்கள், வேளைக்கு ஒன்று. லித்தியத்தோடு அந்த வகை வலி மாத்திரை சேரவே கூடாது, சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நத்தம் தாண்டும்போது கை உதறியது, நாக்கு தடித்தது, கால் பின்னியது. காவிப் பக்கம் போகவேண்டியவன் கள்ளுப் பக்கம் போயிருக்கிறான் என்று கூட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர், “முருகன் மாலையைப் போட்டுக்கிட்டு இப்படியா?” என்று கேட்டேவிட்டார். திண்டுக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் 2.1. இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். பழனிக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். அன்றிலிருந்து எந்த மருந்துக் கடையிலும் முதலில் சொல்வது, “நான் லித்தியம் சாப்பிடுகிறேன்.” கடைப் பையனுக்குப் புரிகிறதோ இல்லையோ, சொல்லிவிடுவேன்.

அதற்கப்புறம் வருஷக்கணக்காகப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. வேலை கிடைத்தது. முன்னோருக்குப் படைக்கிற படைப்பு வீட்டில் என்னைப் பந்தி பரிமாறக் கூப்பிட ஆரம்பித்தார்கள், இது எங்கள் பக்கம் பெரிய விஷயம். சரியாகிவிட்டான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

சரியாகவில்லை. கதவு சாத்திய அறையில் என்னால் படுக்க முடியாது. குளியலறைத் தாழ்ப்பாளைப் போட மாட்டேன், பாடிக்கொண்டே குளிப்பேன், யாரும் திறந்துவிடாமல் இருக்க. கல்யாண வீட்டில் சீர்ச்சாமான் பரப்பி வைத்திருக்கும் அறைக்குள் நுழைந்தால் நெஞ்சு அடைக்கும். புளியும் பித்தளையும் சேர்ந்த அந்த வாடை வந்தால் எட்டு வயது. இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னால், எந்த டாக்டராக இருந்தாலும், நோயின் மிச்சம் என்று ஒரு மாத்திரையைக் கூட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினாலு வருஷம் அப்படிப் போனது.

2015-ல், மாவட்ட மனநலத் திட்டத்தில் வாரம் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருந்த உளவியலாளர், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சின்ன வயது, ஒரு நாள் கேட்டார்: “அண்ணாச்சி, நானும் பார்க்கேன், எத்தனை நாற்காலி காலியா கெடந்தாலும் கதவு பக்கத்துலயே உக்காருதீயளே, ஏன்?”

யாரும் கேட்டதில்லை. குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா, செத்துப்போகத் தோன்றுகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். நாற்காலியைப் பற்றிக் கேட்டதில்லை.

சொன்னேன். பாதிதான் சொல்ல முடிந்தது. அவர் உடனே தோண்டவில்லை. முதலில் என் டாக்டரிடம் பேசினார். மனநிலை நிலையாக இருக்கிறதா, இதைக் கிளறினால் தூக்கம் கெட்டு மறுபடி கிளர்ச்சி வருமா என்று கேட்டுக்கொண்டு, தினம் எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று என்னை எழுதி வரச் சொன்னார். இரண்டு மாதம் வெறும் தூக்கக் கணக்கு. அப்புறம்தான் தொடங்கினோம்.

முறை எளிது, செய்வது எளிதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்த அறைக்குள் போன ஒரு நாளை, இப்போது நடக்கிற மாதிரி முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மொபைலில் பதிவு செய்து வீட்டில் தினம் ஒரு தடவை கேட்க வேண்டும். பயம் நூற்றுக்கு எவ்வளவு என்று நடுநடுவே கேட்பார். முதல் நாள் 95. நான் எப்போதும் பெரிய அடியை விட்டுவிட்டுப் பித்தளையையும் வெளிச்சப் பொட்டையும் சொல்லிக்கொண்டிருப்பேன். “கற்கண்டு சிக்கிக்கிட்டு, வெளிச்சம் போச்சு. அப்புறம்?” என்பார். அந்த அப்புறத்தில்தான் எல்லாம் இருந்தது. அப்புறம் நான் வேட்டியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன், கதவைத் திறந்ததும் அப்பச்சி அதை வீட்டு வேலைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். முப்பத்திரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாதது இவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் ஒரு வரி.

ஒரு பக்கம் இதைச் சொல்லிக்கொண்டே, இன்னொரு பக்கம் தாழ்ப்பாள் பயிற்சி. முதல் வாரம் குளியலறைக் கதவை ஒரு நிமிஷம் தாழிட்டு நிற்பது. அப்புறம் மூன்று, அப்புறம் பத்து. கடைசியில், 2016 பங்குனியில், அந்த அறைக்கே போனோம். வீடு அப்போது பூட்டிக் கிடந்தது. தம்பி வெளியே நின்றான். உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன். டார்ச்சை அடித்தால், அறை ரொம்பச் சின்னது. நாலு எட்டு வைத்தால் சுவர். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர், இன்னும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பித்தளையை எப்போதோ விற்றுவிட்டார்கள். வாடை இல்லை. 90-ல் தொடங்கி இருபது நிமிஷத்தில் 35-க்கு வந்தது. கோடுகளை அன்றைக்குத்தான் எண்ணினேன். வெளியே தம்பி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, “இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகத்தான் பாதி இந்தப் பதிவு.

தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிறேன், கதவு சாத்தித் தூங்குகிறேன். ஆக, எல்லாவற்றுக்கும் வேர் அந்த அறைதான், வேரைப் பிடுங்கியாயிற்று, இனி எதற்கு உப்பு? 2017-ல் லித்தியத்தை நானாக நிறுத்தினேன். யாரிடமும் கேட்கவில்லை. ஆறாவது வாரம் தூக்கம் நாலு மணி நேரமானது, சந்தோஷமாக இருந்தது. எட்டாவது வாரம், செட்டிநாட்டுப் பித்தளைக்கு ஒரு அருங்காட்சியகம் வைக்கப் போகிறேன் என்று கடன் வாங்கி இருநூறு கிலோ பித்தளைச் சாமான் வாங்கினேன். பித்தளை! அந்த வாடையே ஆகாது என்றிருந்தவன் அதன் நடுவே உட்கார்ந்து ராத்திரி முழுக்க விளக்கிக்கொண்டிருந்தேன். ஆத்தா வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் தம்பிக்குப் போன் போட்டார். இந்தத் தடவை நானே பஸ் ஏறினேன், முந்தானை தேவைப்படவில்லை. அந்தக் கடனை அடைக்க மூன்று வருஷம் ஆனது.

நோய் வேறு, காயம் வேறு. சின்ன வயதில் அடிபட்டவர்களுக்கு இந்த நோய் முன்கூட்டியே வருகிறது, அடிக்கடி திரும்புகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றை ஒன்று கிளறும். அதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. லித்தியம் என்னைத் தூணில் கட்டாமல் வைத்திருக்கிறது, அறைக்குள் இருந்த பையனை அது வெளியே கொண்டுவரவில்லை. கதையைச் சொன்னது அவனைக் கொண்டுவந்தது, தூக்கத்தைக் காப்பாற்றவில்லை. எல்லாம் மூளை ரசாயனம்தான், பழசைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது வீடியோ போடுகிறவர்கள், எல்லாம் குழந்தைப் பருவக் காயம்தான், மாத்திரையைத் தூக்கிப் போடு என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் நான் சந்தா கட்டிப் பார்த்துவிட்டேன்.

போன தையில் ஒரு கல்யாணத்தில் ஒரு ஆச்சி என் தாடையைப் பிடித்து, “என்னப்பு, இப்ப எல்லாம் சரியாப் போச்சுல்ல?” என்றார்கள். “சரியாத்தான் இருக்கேன் ஆச்சி, மாத்திரை சாப்புட்டுக்கிட்டு” என்றேன். “அது எதுக்கு இன்னும்?” என்றார்கள். “நீங்க சர்க்கரைக்குச் சாப்புடுறீகள்ல, அது மாதிரி.” ஆச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் பேத்திக்கும் ராத்திரி தூக்கமில்லை, தனியாகச் சிரிக்கிறது, யாரைப் பார்க்கலாம் என்று காதோடு கேட்டார்கள். வெள்ளைப் பணியாரம் ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.

2023-ல் அந்த வீடு விலை போனது. எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, என்னுடையதும் ஒன்று. பிள்ளை வந்தவன் என்பதால் ஒரு முழுப் பங்கு. இடிக்கிற வாரம் நான் நினைத்ததற்கு மாறாகத் தூக்கம் கெட்டது. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு 14416-க்குப் போன் செய்தேன். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண், தமிழிலேயே பேசினார்கள். அந்தப் பக்கம் இருந்த பையன் அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலையில் டாக்டரைப் பார்த்துவிடுங்கள், தூக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்றான். எனக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

இடித்த சாமானை யார் வாங்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. கதவு இரண்டு வருஷம் எங்கெங்கோ சுற்றி முனீசுவரன் கோயில் தெருவுக்கு வந்திருக்கிறது.

மொபைலில் எடுத்த படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். “வாங்கி எரிச்சுருவோம்” என்று பதில் வந்தது. ராத்திரி கோட்டையூர் போய் ஆத்தாளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கோடுகளை விரலால் தடவினார், படம் பெரிதாகிப் பெரிதாகிப் போனது. எதற்கு என்னைக் கொடுத்தீர்கள் என்று முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். “பெரிய வீட்டுல ரெண்டு வேளையும் நெய்ச்சோறுன்னாக அப்பு” என்றார் அப்போது. இப்போது அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தம்பி எரிக்கச் சொல்கிறான் என்றதும் மட்டும் நிமிர்ந்து, “எரிக்கிறதா? பர்மாத் தேக்குடா அது!” என்றார்.

வாங்குவதா வேண்டாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். எங்கே வைப்பது என்பதில்தான் யோசனை நின்றது. இரண்டு அறை வீடு.

நேற்று ரத்தம் கொடுக்கிற நாள். காரைக்குடியில் கொடுத்துவிட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு அந்தத் தெருவுக்கு நடந்தேன். கதவைக் காணவில்லை.

“அதுவாண்ணே? போன வாரம் சென்னைக்குப் போயிருச்சே. மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேஜை ஆக்கப் போறாகளாம்.”

“கீறலைத் தேய்ச்சுட்டீங்களா?”

“எங்கண்ணே, தேய்க்க விடலை. உப்புத்தாளை எடுத்தேன், அந்தம்மா பதறிட்டாக. அது இருந்தாத்தான் பழசுன்னு தெரியுமாம். அதுக்காகவே ரெண்டாயிரம் சேத்துக் குடுத்தாக.”

காலை மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. கடைக்காரத் தம்பியிடம் தண்ணீர் கேட்டேன். ஒரு எனாமல் குவளையில் கொண்டுவந்து கொடுத்தான்.